பந்தி கேமரா

ஓசூர்
2.9.2024

தங்கச்சி மாரிச்செல்விக்கு,

உமாசங்கர் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கம்பெனியில் சி.என்.சி. லேத்தில் சேர்ந்திருக்கிறேன். என் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் அலமாரி மேல்தட்டில், கிடார் கம்பி டப்பாவுக்கு அடியில் இருக்கும். பதிவுத் தபாலில் இந்த முகவரிக்கு அனுப்பு. பழைய சிம்மை உடைத்துப் போட்டுவிட்டேன். புது நம்பர் யாருக்கும் கிடையாது, உனக்கும்தான். உன்னிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அப்பா கைக்குப் போய்விடும்.

அவரைப் பற்றி ஒன்றும் எழுதாதே. கச்சேரிக்கு வருகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். முன்வரிசையில் நாற்காலி போட்டு, யாரும் உட்காராமல் இருக்கத் துண்டு விரித்து வைத்தேன். கடைசிப் பாட்டு வரை அந்தத் துண்டு கசங்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, போர்வையை விலக்காமலே "சோலி கெடந்துச்சு" என்று இரண்டே சொல். மகன் முதன்முதலாக மேடை ஏறுகிற அன்றைக்கு அப்படி என்ன சோலியோ. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். உனக்கு மட்டும் உண்மை: சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்.

உமாசங்கர்


தென்காசி
9.9.2024

இரும்புத் தொண்டைக்காரரும் என் உடன்பிறப்புமாகிய அண்ணனுக்கு,

மாரி வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீ வீட்டில் பாடிப் பழகுவது நின்றதால் பக்கத்து வீட்டுக் கோழி மறுபடி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. அதுவும் நலம்.

சர்டிபிகேட் இதோடு வருகிறது. அப்பா லேத்தில் நிற்க மாட்டேன் என்று ஓடினவன் ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய் இன்னொரு லேத்தில் நிற்கிறாய். இதற்கு வீட்டிலேயே நின்றிருந்தால் சாம்பாரில் வெல்லமாவது இருந்திருக்காது.

அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் உண்டு. இன்னொருவரைப் பற்றி எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் நீ பஸ் ஏறின நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு மனிதர் வலது கையில் கட்டோடு, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சோறு தின்கிறார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். பட்டறையில் சுட்டுக்கொண்டாராம். "காலமெல்லாம் இரும்போட கெடக்கிய, சூடு எது, ஆறுனது எதுன்னு தெரியாதாக்கும்" என்று அம்மா கேட்டாள். "சோலின்னா சுடத்தான் செய்யும்" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

மைதீன் அண்ணன் கிடாரும் கையுமாக வந்திருந்தார். நம் 'அரம்' குழுவின் கச்சேரி ஆல்பத்துக்குப் பேர் வைத்தாயிற்று: 'ஆடித் தள்ளுபடி'. யோசித்துப் பார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் குற்றாலத்தில் கல்யாண மண்டபம் பாதி வாடகை. கல்யாண வீடியோ எடுக்கிற ஏசுதாசன் அண்ணாச்சிக்கும் வேலை கிடையாது, அவர் முக்கால் தள்ளுபடி. அருவியில் குளித்துவிட்டுச் சாரலுக்கு ஒதுங்கின கூட்டம் முழுத் தள்ளுபடி. ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு இண்டஸ்ட்ரியல் மெட்டல் கேட்ட முதல் ஜனம் நம் ஜனமாகத்தான் இருக்கும். நீ தொண்டையைக் கிழித்தபோது ஒரு பாட்டையா பேத்தியிடம், "பட்டறையில அடிக்கதயெல்லாம் பாட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கானுவ" என்றார். இதைவிட நல்ல விமர்சனம் உனக்கு வரப்போவதில்லை.

வீடியோ இன்னும் கைக்கு வரவில்லை. "ஆவணி முகூர்த்தம் முடியட்டும் தாயி. உங்க பாட்டுக்காவ நான் தாலி கட்டுதத நிறுத்த முடியுமா?" என்கிறார் ஏசுதாசன் அண்ணாச்சி.

பதில் போடு. வெல்லம் போடாமல்.

மாரி


தென்காசி
24.9.2024

அன்புள்ள மகன் உமாசங்கருக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. நலம். உன் நலத்தை எண்ணி எண்ணி உள்ளம் உருகுகிறது. லேத் சுற்றும்போதெல்லாம் உன் பாட்டே காதில் ஒலிக்கிறது. நடந்ததை மறந்து தீபாவளிக்கு வீடு வந்து சேர். வரும்போது உன் தங்கை மாரிச்செல்விக்கு நல்லதாக ஒரு போன் வாங்கி வந்தால் இன்னும் மகிழ்வேன்.

என்றும் அன்புடன்,
மணிமுத்து


ஓசூர்
3.10.2024

புளுகு மூட்டைக்கு,

நலம்தான், நீ விட்டால்.

உள்ளம் உருகுகிறதாம். அப்பா கையில் உருகினது இதுவரை ஈயம் மட்டும்தான். அவர் 'அன்பு' என்று எழுதினால் அது கொட்டேஷன் கேட்ட ஆளின் பேராக இருக்கும். எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அவர் மாதிரியே எழுதியிருக்கிறாய். கவரைப் பார்த்ததும் அவர் என்றே நினைத்தேன். பிரித்து இரண்டு வரி வரைக்கும் நினைத்தேன். போதும், இந்த விளையாட்டு இனி வேண்டாம்.

மைதீனிடம் சொல். ஆல்பத்தில் என் குரல் வேண்டாம். வேறு ஆளைப் பாடவைத்து ஒட்டிக்கொள்ளட்டும். நான் பாடுவதை விட்டாயிற்று.

தீபாவளிக்கு வரவில்லை. அம்மாவுக்குச் சேலை அனுப்புகிறேன். மூட்டுக்குத் தைலம் தேய்த்துவிடு.

உமாசங்கர்


தென்காசி
19.10.2024

அண்ணனுக்கு,

குற்றவாளி மாரி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்குத் தினமும் தைலம் தேய்க்கிறேன். வீடு முழுக்க யூகலிப்டஸ் தோப்பு மாதிரி மணக்கிறது. கட்டுப் போட்ட மனிதர் கட்டை அவிழ்த்துவிட்டார். ஆனால் விரலை முழுக்க மடக்க முடியவில்லை.

நீ சொன்னதை மைதீன் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். கிடாரைக் கீழே வைத்துவிட்டார். "அவன் இல்லன்னா அரம் ஏது, வெறும் பிடிதான் இருக்கும். அவன் கைப்பட சரின்னு எழுதட்டும். அதுவரைக்கும் இது வெளிய போவாது" என்றார். ஆக, ஆல்பம் இப்போது உன் வீம்புக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவியை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் சொல்.

அவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. முதல் பாட்டு தொடங்கும் முன்னால் காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனதே, அப்புறம் கச்சேரி முழுக்க மண்டபத்து ஜெனரேட்டரில்தானே ஓடியது? அந்த ஜெனரேட்டரின் உறுமல் எல்லாப் பாட்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரே அளவாக இருந்தால் வடிகட்டிவிடலாமாம். இது உன் கூடவே ஏறி உன் கூடவே இறங்குகிறதாம். சுரண்டச் சுரண்ட உன் குரலும் சேர்ந்து வருகிறதாம்.

இனி வீடியோ. புரட்டாசியில் கல்யாணம் ஓய்ந்ததும் ஏசுதாசன் அண்ணாச்சி வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தார். நீ பார்த்தால் உண்மையிலேயே பாடுவதை விட்டுவிடுவாய். முதலில் பன்னீர் தெளிக்கிற கை, பின்னால் நாதஸ்வரம். பிறகு இதய வடிவத்துக்குள் நீ வாயைப் பிளந்துகொண்டு வருகிறாய். பேராச்சி அக்கா எண்ணெய் டிரம்மைச் சம்மட்டியால் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரோஜா உதிர்கிறது. அப்புறம் பாதி நேரம் மேடையே இல்லை. கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு மூஞ்சியையும் வரிசை வரிசையாகக் காட்டுகிறார். ஏன் அண்ணாச்சி என்றால், "இன்னார் வந்தது படத்துல இல்லன்னு நாளைக்கு ஒரு சண்டை வரக்கூடாதுல்லா?" என்கிறார். உன் துண்டு விரித்த நாற்காலியும் வருகிறது. ஆள் இல்லாததால் அதன் மேலேயும் ஒரு ரோஜா.

"ரெண்டு கேமரான்னு சொன்னேளே, இன்னொண்ணு எங்க?" என்று மைதீன் அண்ணன் கேட்டார். பந்தியில் வைத்தாராம். கச்சேரியில் ஏது பந்தி? "பழக்கதோசம் தம்பி. மேடையில சண்டை வராது, பந்தியிலதான் வரும். அதுக்கு எப்பவும் ஒரு கேமராவ அங்கன ஸ்டாண்டுல நிப்பாட்டிருவேன்" என்கிறார். காலி டைனிங் ஹாலை முழுசாக எடுத்து வைத்திருக்கிறார். மைதீன் அண்ணன் அதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றுவிட்டார். நான் வாங்கி வைத்திருக்கிறேன். குழுவுக்கென்று எடுத்து வைத்த பஜ்ஜித் தட்டு அன்றைக்குக் காணாமல் போனது. எனக்குப் பேராச்சி அக்கா மேல் சந்தேகம்.

துப்பறியும்
மாரி


தென்காசி
8.11.2024

அண்ணனுக்கு,

நலம். தீபாவளி போய்விட்டது. சேலை வந்தது. அம்மா கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை.

பந்தி கேமராவைப் பார்த்தேன்.

காலி மேசைகள். அதற்கு அந்தப் பக்கம் பின்கதவு திறந்து கிடக்கிறது. வெளியே தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அருவிப் பக்கம் போகிறான். கரண்ட் போகிறது. இருட்டில் கூட்டம் கத்துவது மட்டும் கேட்கிறது. பிறகு டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடி ஆடிப் போகிறது. ஜெனரேட்டர் கிளம்புகிறது, லைட் வருகிறது. வந்த லைட் துடிக்கிறது.

ஜெனரேட்டர் பக்கத்தில் அப்பா.

வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போட்டுப் போகிற அந்த வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். அதைக் கழற்றி, மடித்து, மழைத்தண்ணீர் படாத இடமாகப் பார்த்து மேசை மேல் வைக்கிறார். திரும்பிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, வலது கையை மெஷினுக்குள் கொடுத்து எதையோ பிடிக்கிறார். துடிப்பு நிற்கிறது. நீ பாட ஆரம்பிக்கிறாய்.

அவ்வளவுதான் அண்ணே, படம் முழுக்க. கையை எடுத்து உதறுகிறார், லைட் துடிக்கிறது, மறுபடி வைக்கிறார். ஒரு தடவை யாரையாவது கூப்பிடலாமா என்று கதவுப் பக்கம் பார்க்கிறார். கூப்பிடவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டும்போது எழுந்து வருகிறார். இடது கையால் சட்டை போட்டு, இடது கையால் பட்டன் போட ரொம்ப நேரம் ஆகிறது. பிறகு கேமராவுக்கு முன்னாலேயே நின்று பஜ்ஜி தின்கிறார். தட்டை எடுத்தது பேராச்சி அக்கா இல்லை.

அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டியதை நான் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

மாரி


ஓசூர்
18.11.2024

மாரிச்செல்விக்கு,

நலம். கதை நன்றாக இருக்கிறது. போன தடவை உள்ளம் உருகியது, இந்தத் தடவை கை உருகுகிறது. வெள்ளைச் சட்டை, பஜ்ஜி வரைக்கும் யோசித்திருக்கிறாய். ஜெனரேட்டருக்கு மண்டபத்தில் ஆள் உண்டு. அவனிடம் பேசினதே நான்தான்.

அவர் வந்திருந்தால் வந்தேன் என்று சொல்லியிருக்க மாட்டாரா? சொல்வதற்கு அவருக்கு என்ன கஷ்டம்? இனி அவர் பேரை எடுத்து எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உமாசங்கர்


தென்காசி
25.11.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். இந்தக் கவருக்குள் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பந்தி, முழுசாக. வெட்டவில்லை, ஒட்டவில்லை, ரோஜா போடவில்லை.

மாரி


ஓசூர்
29.12.2024

அப்பாவுக்கு,

உமாசங்கர் எழுதுவது. நலம். உங்கள் கை எப்படி இருக்கிறது?

மாரி பென்டிரைவ் அனுப்பியிருந்தாள். வந்த அன்றைக்கே ஹாஸ்டல் டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகும் பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜெனரேட்டரில் வேகத்தைப் பிடித்து வைக்கிற கவர்னர் போயிருந்ததா? நீங்கள் பிடித்திருந்த இடம் சைலன்சருக்குப் பக்கம் மாதிரி தெரிகிறது. துணியாவது சுற்றியிருக்கலாமே?

என் நம்பர் கீழே இருக்கிறது. கூப்பிட வேண்டும் என்று இல்லை. இருக்கட்டும்.

உமாசங்கர்


மணிமுத்து லேத் ஒர்க்ஸ்
தென்காசி
6.1.2025

உமாசங்கருக்கு,

மணிமுத்து எழுதுவது. சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை.

நீ கேட்டது. கவர்னர் ஸ்பிரிங் இளகிப்போய் இருந்தது. லோடு ஏறினால் இன்ஜின் இறங்கும். லோடு குறைந்தால் பறக்கும். லிவரைக் கையால் பிடித்தால்தான் நிற்கும். சைலன்சர் பக்கத்தில்தான். துணி சுற்றினால் லோடு கைக்குத் தெரியாது.

நீ கத்தும்போது கூட்ட வேண்டும். மூச்சு வாங்கும்போது குறைக்க வேண்டும். முதல் பாட்டில் பிடிபடவில்லை, இரண்டு தரம் அணையப் பார்த்தது. மூன்றாவது பாட்டில் நீ எங்கே மூச்சு வாங்குவாய் என்று பிடிபட்டுவிட்டது. கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் மூச்சு வாங்காமல் இழுத்துவிட்டாய். வாங்குவாய் என்று நான் குறைத்துவிட்டேன். லைட் மங்கிவிட்டது. அது என் தப்பு.

நாற்காலி போட்டிருந்தது தெரியும். வாசலில் நின்று பார்த்தேன். உட்காரப் போகும்போது கரண்ட் போய்விட்டது.

கை ஆறிவிட்டது. பாட்டு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மணிமுத்து

அந்த மண்டபத்துக்கு வேறு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்துவிட்டேன்.


ஓசூர்
13.1.2025

மாரிக்கு,

நலம். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

இதை மைதீனிடம் காட்டு. ஆல்பம் வெளிவரட்டும். என் குரல் இருக்கட்டும். அந்த உறுமலைச் சுரண்ட வேண்டாம். கடைசிப் பாட்டில் ஓரிடத்தில் லைட் மங்கும். ஏசுதாசன் அண்ணாச்சி அதைக் குறை என்று வெட்டிவிடுவார். வெட்டக் கூடாது. நாற்காலி மேல் போட்ட ரோஜாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பந்தி கேமராவிலிருந்து கொஞ்சம் போடச் சொல்.

முடிவில் பேர் வரும்போது குரல், கிடார், டிரம் என்று மூன்று பேர் வரும். நாலாவதாக அப்பா பேர் வர வேண்டும். அவர் என்ன வாசித்தார் என்று மைதீன் கேட்பான். ஜெனரேட்டர் என்று போடச் சொல்.

மாசியில் லீவு கிடைக்கும், வருகிறேன். உன்னை நம்பாமல் போனதற்குப் போன் எல்லாம் வாங்கித் தர முடியாது. விலை மட்டும் விசாரித்தேன்.

உமாசங்கர்


தென்காசி
27.1.2025

அண்ணனுக்கு,

மாரி வணக்கம். விலை விசாரித்த நல்ல உள்ளம் நலமாக இருக்கட்டும். இங்கே கோழி உட்பட எல்லாரும் நலம்.

'ஆடித் தள்ளுபடி' வெளிவந்துவிட்டது. நீ பார்த்திருப்பாய். கீழே எவரோ ஒரு வெளிநாட்டுக்காரர், அடியில் உறுமுகிற சத்தம் எந்த சின்தசைசர் என்று கேட்டிருக்கிறார். "அது தென்காசி மாடல், ஒண்ணுதான் செஞ்சாங்க" என்று மைதீன் அண்ணன் பதில் போட்டிருக்கிறார். பன்னீர் தெளிக்கிற கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் தன் பேரையும் எடுத்துவிடு என்று ஏசுதாசன் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குப் பட்டறையிலேயே மைதீன் அண்ணன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். லேத்தை நிறுத்திவிட்டு, நின்றபடியே பார்த்தார். கடைசிப் பாட்டில் நீ மூச்சை இழுத்தாய். லைட் மங்கும் முன்னாலேயே, "இங்கனதான்" என்றார். மங்கியது. பேர் வந்தபோது பக்கத்தில் போய் வாசித்தார். "இனிஷியல விட்டுட்டானுவ" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டுவிட்டார். இன்றைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம், இனிஷியல் விட்டுப்போன விஷயத்தைச் சொல்வதற்காகவே முழு வீடியோவையும் காட்டியிருக்கிறார்.

நீ கேட்கலாம், இன்னும் எதற்கு இவள் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. உன் நம்பரை அப்பா தர மாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், அவர் தூங்கும்போது போனை எடுத்தும் பார்த்தேன். எப்போதோ பூட்டுப் போட்டு வைத்துவிட்டார். "அவன் எனக்குல்லா எழுதிருக்கான், ஒனக்கு வேணும்னா நீ கடுதாசி போட்டுக் கேளு" என்கிறார்.

தினமும் பட்டறையைப் பூட்டின பிறகு உள்ளேயே உட்கார்ந்து உன்னிடம் பேசுகிறாராம். சோறு ஆறிப்போகிறது. அப்படி என்னதான் பேசுதிய என்று நேற்று அம்மா கேட்டாள்.

"சோலி கெடந்துச்சு" என்றார்.

கடுதாசி போட்டுக் கேட்கும்,
மாரி